மேசையில் எழுதிய எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தலில் இரண்டு கட்சிகளுமே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாமவருக்குப் போடலாம் என்றால், அப்படிப் போட்ட முட்டாள்களால்தான் 2000இல் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் புஷ்ஷிடம் தோற்றார் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. டெக்சாஸில் யாருக்குப் போட்டாலும் வீண். இனி வாக்களிக்கவே போகாமல் இருந்துவிடலாமா?
கே., டல்லாஸ்

அன்புள்ள கே.,

இரண்டு கட்சிகளும் ஒன்றுதானா என்ற பேச்சுக்குள் நான் வரவில்லை. ‘முட்டாள்கள்’ என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

2004இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் அக்கா வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். 2000இல் மூன்றாம் வேட்பாளரான ரால்ஃப் நாடருக்கு வாக்களித்தவர். ஒருநாள் பேச்சு அங்கே போனதும் சிந்தியிருந்த தண்ணீரைத் தொட்டு மேசையில் 537 என்று எழுதினார். உடனே புறங்கையால் அழித்துவிட்டார். அந்தத் தேர்தலைத் தீர்மானித்த ஃபுளோரிடாவில் கோரைப் புஷ் முந்தியது அத்தனை வாக்குகளில்தான். நாடருக்கு அங்கே விழுந்தவை 97,000க்கும் மேல். அந்தத் தேர்தலிலிருந்து மகன் அவரோடு சரியாகப் பேசுவதில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

மனதுக்குப் பிடித்தவருக்கு வாக்களித்தது ஒரு குற்றமா? ‘இவர் இல்லையென்றால் அவர்’ என்று சொல்ல அந்தச் சீட்டில் இடமே இல்லை. இலங்கையில் மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். 2024இல் இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணித்தான் அதிபரை அறிவித்தார்கள். ஃபுளோரிடாவிலோ 537 வாக்குகளுக்காக, அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு இருந்த 25 தேர்வாளர்களும் புஷ் பக்கம் போனார்கள். நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்ற கோர் தோற்றார்.

வென்றவருக்கே அத்தனையும் என்ற இந்த விதி அரசியலமைப்பில் இல்லை, கே. மாநிலச் சட்டமன்றங்கள் தாமாக இயற்றிக்கொண்டது. மெய்னும் நெப்ராஸ்காவும் அதை மாற்றிக்கொண்டன. 2020இல் டிரம்ப்புக்கு டெக்சாஸைவிடக் கலிபோர்னியாவில்தான் அதிக வாக்குகள், அறுபது லட்சம். ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் டெக்சாஸில் பைடனுக்கு விழுந்த ஐம்பத்திரண்டு லட்சத்துக்கும் அதே கதி. கட்சிகள் இரண்டாக இருப்பதைவிட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இதை மாற்ற வாஷிங்டனுக்குப் போக வேண்டாம், உங்கள் மாநிலச் சட்டமன்றம் இருக்கும் ஆஸ்டினில் மாற்றலாம்.

வாக்களிக்கப் போகமாட்டேன் என்கிறீர்கள். உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் யார்? அவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் அதே சீட்டில்தான் இருக்கிறது, கீழே, நீங்கள் படிக்காமல் விட்ட பகுதியில். பெயரைக் கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.