காலையில் வண்டியை எடுத்தவுடன் பெல்ட் கீச்சிடுகிறது, மாற்ற வேண்டுமா?

உடனே மாற்றிவிடாதீர்கள், முதலில் காரணத்தைப் பாருங்கள். கீச்சிடும் இந்த டிரைவ் பெல்ட், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுழற்றுகிறது. பல வண்டிகளில் வாட்டர் பம்பும் பவர் ஸ்டீயரிங் பம்பும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஒரு எளிய சோதனை: எஞ்சின் ஓடும்போது, கையையும் உடையையும் தள்ளி வைத்து, பெல்ட்டின் வரிப்பள்ளப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைச் சந்தேகிக்கலாம். சில விநாடி அடங்கி மறுபடி வந்தால் பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களில் (புல்லி) ஏதோ ஒன்று நேர்கோட்டில் இல்லை. இரண்டிலுமே புது பெல்ட் மட்டும் போட்டால் சத்தம் திரும்பி வரும். சத்தத்தை அடக்கும் ஸ்ப்ரே தயவுசெய்து வேண்டாம், அது கோளாறை மறைக்கும், அவ்வளவுதான்.

பெல்ட்டில் வெடிப்பு இல்லையே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். இப்போதைய ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெல்ட்கள் வெடிக்காமலே தேயும். பள்ளம் அகன்றிருக்கிறதா, ஆயில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பட்டிருந்தால் கசிவை அடைத்த பிறகே புது பெல்ட்.

மாற்றும்போது எஞ்சினை அணைத்து, பெல்ட் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது.

ஓட்டும்போது பேட்டரி விளக்கு எரிந்து ஸ்டீயரிங்கும் கனத்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே ஓரங்கட்டுங்கள், வாட்டர் பம்ப் நின்றால் எஞ்சின் சீக்கிரம் சூடேறிவிடும்.