‘கவர்மெண்ட் பாஸ் பண்ணின மருந்து’ என்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் முள்ளுக்கத்தரி. காய்ப்புழுவுக்கு வீட்டுக்காரர் குளோர்பைரிபாஸ் அடிக்கிறார். அடித்த அன்று ராத்திரி தலைவலிக்கிறது, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்கிறார். எனக்கு இப்போது நான்காம் மாதம். அவர் துணியை நான்தான் துவைக்கிறேன். உரக்கடைக்காரர், “கவர்மெண்ட் பாஸ் பண்ணின மருந்தும்மா” என்கிறார். கொழுந்தனாரோ, “கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்ததைத்தான் கவர்மெண்ட் சொல்லும்” என்கிறார். யாரை நம்புவது?

பதில்: அந்தத் துணியை இனி நீங்கள் தொட வேண்டாம் அம்மா. இந்த மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். அவரே கையுறை போட்டுத் தனி வாளியில் துவைக்கட்டும். அவருக்கு வருவது வெயில் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், லேசாக விஷம் ஏறியிருக்கலாம். தெளிப்பதை நிறுத்திவிட்டு, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த வகை மருந்து உடம்பைப் பாதித்திருக்கிறதா என்று அது காட்டும். வாந்தி, அதிக வியர்வை, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் என்று எது சேர்ந்தாலும் உடனே 108. மருந்து டப்பாவும் கூடவே போக வேண்டும்.

சரி, கொழுந்தனார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு கேட்பது கம்பெனி. எலிக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைக்குக் காசு கொடுப்பதும் கம்பெனிதான். அரசுக் குழு அந்தக் காகிதங்களைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறது. காகிதத்தில் விட்டுப்போனது குழுவின் கண்ணில் எப்படிப் படும்?

இதே குளோர்பைரிபாஸ் கதையைக் கேளுங்கள். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலச் சிறைக் கைதிகள் 16 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. செலவு அதைத் தயாரித்த டவ் கம்பெனியுடையது. அந்த அறிக்கையை வைத்துத்தான் அமெரிக்க அரசு பல வருஷம் ‘ஆபத்தில்லாத அளவு’ என்று ஒன்றை வகுத்திருந்தது. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் பழைய எண்களைத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். கைதிகளில் ஒரு பிரிவினரின் சில அளவீடுகள் கணக்கிலேயே சேரவில்லை என்று தெரிந்தது. சேர்த்திருந்தால் அவர்களுக்குக் கொடுத்த மருந்தளவு ‘ஒன்றும் செய்யாது’ என்று சொல்லியிருக்க முடியாது. அதற்கு முன்பே, 2015இல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் விஞ்ஞானிகள் உணவுப் பயிர்களில் இதை நிறுத்தலாம் என்றார்கள். 2017இல் அந்தத் துறையின் தலைவர் மறுத்துவிட்டார். அப்புறம் 2021இல் தடை வந்தது, 2023இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்படி இழுபறி.

நானும் பல வருஷம் ‘அனுமதி பெற்றதுதானே’ என்று நோயாளிகளிடம் சொன்னவன்தான். இப்போது டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். அதில் ஒரு சாய்சதுரமும் அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் படிப்படியாகக் குறையும். உங்கள் மருந்துக்கு மஞ்சள். ஆனால் அந்த நிறம், மருந்து வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் உடனே எவ்வளவு ஆபத்து என்பதற்குத்தான். வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. நியூயார்க் நகரத்துத் தாய்மார்களிடம் நடந்த ஆய்வில், தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த மருந்து அதிகமிருந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் ஞாபகத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்தது. 2011இல் வெளியானது அது.

இதைப் படித்துவிட்டு அழ வேண்டாம். துணி துவைத்ததாலேயே பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. செக்கப்பில் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், வழக்கமான ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். மருந்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. தெளித்த வயலுக்கு நீங்கள் போகவும் வேண்டாம்.

வீட்டுக்காரரை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் பொறி, எப்படி வைப்பது என்று காட்டுவார்கள். வாடித் தொங்குகிற குருத்தை வாரம் ஒருமுறை கிள்ளி எரிப்பதை இன்றைக்கே தொடங்கலாம்.