கோள்மண்டலத்தில் நித்திரை

ஐயா, வணக்கம்.

போன பள்ளி விடுமுறையில் குடும்பமாகக் கொழும்புக்குப் போய் வந்தோம். நான், மனைவி, பத்து வயது மகன், ஆறு வயது மகள், மாமி. கோள்மண்டலம், அதுதான் குவிந்த கூரையில் இரவு வானத்தைக் காட்டும் மண்டபம், பார்ப்பதற்காகவே போன பயணம். மகன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இரவு ரயிலில் போனோம். கல்ஓயாச் சந்தி தாண்டியும் பிள்ளைகள் கண் மூடவில்லை. பிறகென்ன, மண்டபத்தில் விளக்கை அணைத்து ஐந்து நிமிடத்தில் மகள் நித்திரை. மாமியும் நித்திரை. மகன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஊருக்குத் திரும்பிய இரவு கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, எங்கட வானம் சரியில்லை. அங்க இதைவிட வடிவா இருந்தது" என்கிறான். இவ்வளவு காசும் அலைச்சலும் இதற்குத்தானா? பேசாமல் யூடியூபில் காட்டியிருக்கலாமோ?

— திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மகளை ஒன்றும் சொல்லாதீர்கள். எழுபதுகளின் கடைசியில் பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோது நானும் அந்த மண்டபத்தில் நித்திரைதான். இரவு முழுக்க ரயிலில் பாட்டும் கூத்தும். அதற்குப் பிறகு சாய்ந்த கதிரையும் இருட்டும் கிடைத்தால் யார்தான் விழித்திருப்பார்கள்? கண் விழித்தபோது கூரையின் ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தது. விடிந்துவிட்டது என்று நினைத்துப் பையில் பல்பொடியைத் தேடினேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் "பல் தீட்டியாச்சா?" என்றுதான் கேட்கிறான்.

மகன் சொன்னதில் பெரிய பிழையில்லை. அங்கே நிலவு இல்லை, முகில் இல்லை, உப்புவெளி ஹோட்டல் விளக்குகளும் இல்லை. போதாததற்கு ஒரு முழு இரவைச் சில நிமிடத்தில் ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள். கார்த்திகை உதித்து உச்சிக்கு வந்து மறைவதை அப்படிப் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கடற்கரை வானம் அசையாமல் நிற்பதுபோல்தான் இருக்கும். அதற்காக யூடியூப் போதும் என்று நான் சொல்லமாட்டேன். கைப்பேசியில் வானம் பார்க்கிறவன் குனிந்துகொண்டல்லவா பார்க்கிறான்.

அந்த மண்டபம் 1965இல் கொழும்பில் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்காக எழும்பியது. கொங்கிறீற்றைத் தாமரைப் பூவாக மடித்தவர் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க. கூரையில் நட்சத்திரங்களைக் காட்ட முதலில் அங்கே வைத்த கருவி கிழக்கு ஜெர்மனியின் ஜேனா நகரத்துச் சைஸ் நிறுவனத்தார் செய்தது. இந்த வகைக் கருவியின் கதை எனக்குப் பிடித்தமானது. 1923இல் அதே நிறுவனத்தின் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட் மூனிக் அருங்காட்சியகத்துக்காகச் செய்த முதல் கருவிக்கு மூனிக் வானத்தை மட்டும்தான் காட்டத் தெரியும். அடுத்துச் செய்ததில் இரண்டு தலை வைத்தார்கள்: ஒன்றில் வடவானம், மற்றதில் தென்வானம். ஒவ்வொரு தலைக்குள்ளும் விளக்கு, அதைச் சுற்றித் துளையிட்ட தகடுகள், துளைகளுக்கு முன்னால் வில்லைகள். இந்த இரட்டைத் தலையைச் சரித்தால் துருவத்துக்கும் போகலாம், திருகோணமலைக்கும் வரலாம்.

அந்தச் சரிவை உங்கள் மகன் தன் கையாலேயே அளக்கலாம். கையை நன்றாக நீட்டிப் பொத்திப் பிடித்தால், பொத்திய கையின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. சின்னக் கைக்கும் அதே கணக்குத்தான். கை சின்னதென்றால் நீளமும் குறைவு. துருவ நட்சத்திரம் எந்த ஊரில் எவ்வளவு உயரத்தில் நிற்குமோ அதுதான் அந்த ஊரின் அகலக்கோடு. எங்களுக்கு எட்டரைப் பாகை, ஒரு கைக்குச் சற்றுக் குறைவு. வடக்கே நிலாவெளிப் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய வெளிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம், அது சுமாரான நட்சத்திரம்தான். சப்தரிஷியின் முன் இரண்டும் அதற்கு வழிகாட்டும்.

ரொறொன்ரோவில் உங்களுக்கும் யாராவது இருப்பார்கள். இல்லாத வீடு எது? அவர்களுடைய இரவில் வெளியே போய் அளந்து சொல்லச் சொல்லுங்கள். நாலு கைக்கு மேல் வரும். உலகம் உருண்டை என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட இது நன்றாக மனதில் நிற்கும். மாசியில் எங்கள் தெற்கே மூன்று கை உயரத்துக்குக் கிட்ட நிற்கும் அகத்தியர் நட்சத்திரத்தை அவர்கள் அங்கிருந்து பார்க்கவே முடியாது என்பதையும் மகன் சொல்லட்டும். கனடாக்காரரிடம் நாங்கள் பெருமை அடிக்கக்கூடிய விஷயம் அதிகமில்லை.

கார்த்திகை, மார்கழியில் முயல வேண்டாம், இங்கே மழைதான் மிஞ்சும். வெசாக் பௌர்ணமி கழிந்து பத்து நாள் பொறுத்து, இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு ஹோட்டல் விளக்குகளுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். வடக்கே துருவ நட்சத்திரம், தெற்கே மூதூர்ப் பக்கம் இரண்டு கை உயரத்தில் தென்சிலுவை. லண்டன்காரருக்கு முதலாவது மட்டும், சிட்னிக்காரருக்கு இரண்டாவது மட்டும். எங்களுக்கு ஒரே மணலில் நின்று கழுத்தைத் திருப்பினால் இரண்டும் உண்டு.

மாமியையும் கூட்டிப் போங்கள். பிள்ளைகள் இரண்டும் என்ன நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் என்று அவவுக்கு மனப்பாடமாக இருக்கும். அவை வானத்தில் எங்கே என்று ஒருவரும் அவவுக்குக் காட்டியிருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் சித்திரை உச்சிக்குக் கிட்ட நிற்கும், சுவாதி அதற்கு வடக்கே செம்மஞ்சளாக. மகம் மேற்கே சரிந்திருக்கும். கேட்டை தென்கிழக்கே கடலுக்கு மேலே சிவப்பாக ஏறிவரும். ஜாதகக் கட்டத்துக்குள் கிடந்த பெயர்களை அவ ஒவ்வொன்றாகச் சொல்ல, மகன் விரலை நீட்டட்டும்.

மகள் அன்றைக்கும் நித்திரையானால் தோளில் போட்டுக்கொண்டு வாருங்கள். பாய் ஒன்று கொண்டுபோவது நல்லது, ஈர மணல்.