இத்தாலியன் தெரிந்தும் நேப்பிள்ஸ் ராப் புரியவில்லையா?

இரண்டு வருடம் இத்தாலியன் படித்தும் நேப்பிள்ஸ் ராப்பில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் படிப்பில் குறை இல்லை. அவர்கள் பாடுவது நேப்பிள்ஸ் மொழி, பாடநூல் இத்தாலியன் அல்ல. வட இத்தாலியின் மிலான்காரர்களே வரிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி திறந்துவிடும். ஒன்று, சொல்லின் கடைசி உயிரெழுத்து மங்கிவிடும். இன்னொன்று, 'ந்த' என்பது 'ன்ன' ஆகும்: 'எப்போது' என்பதற்கு நீங்கள் படித்த 'குவாந்தோ' அங்கே 'குவான்ன'. பையனைக் கூப்பிடும்போது 'குவல்யோனே' பாதியில் அறுந்து 'குவல்யோ' என்று நிற்கும். இப்படி நறுக்கென்று முடிகிற சொற்கள் ராப் தாளத்துக்கு அவ்வளவு பொருத்தம்! ஊர்ப் பெருமையோடு இந்தக் காரணமும் சேர்ந்துதான் அவர்களை அந்த மொழியிலேயே நிறுத்தியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம், இணையத்தில் கிடைக்கும் வரிகளில் கடைசி எழுத்தை விட்டுவிட்டே எழுதுவார்கள், அதனால் அகராதியில் அகப்படாது. உயிரெழுத்தைச் சேர்த்துத் தேடுங்கள்.

வடக்கு நேப்பிள்ஸின் மரியனெல்லாவிலிருந்து வந்த 'கோ சாங்' என்ற இருவர் ராப் குழுவின் 2005 ஆல்பத்தில் தொடங்கலாம். தங்கள் தெருவை அப்படியே பாடியவர்கள். பிறகு அதே நகரின் செகொந்திலியானோ பகுதியைச் சேர்ந்த ராப் பாடகர் ஜோலியே. இத்தாலியின் பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவில் 2024-ல் நேப்பிள்ஸ் மொழியிலேயே பாடி இரண்டாம் இடம் பிடித்தவர். எந்த வரியில் சிக்கினாலும் இங்கே போடுங்கள், சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.