சீட்டு விழுந்த மாதம்

அன்புள்ள அண்ணாச்சி,

நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயது 41. ஆறு வருடம் முன்பு விமானம் ஓட்டக் கற்றேன். வேலைக்காக இல்லை, ஆசைக்காக. கையில் பணம் சேரும்போதெல்லாம் போவேன். 22 மணி நேரம் பறந்தேன், தனியாகவும் ஒருமுறை ஏறி இறங்கினேன். பிறகு மகளின் படிப்புச் செலவு வந்தது, கண்ணாடியும் போட்டாயிற்று, நின்றுபோனது. மறுபடி தொடங்குவது சுயநலமா? வீட்டில் எப்படிச் சொல்ல?

ச.

அன்புள்ள தம்பி,

கண்ணாடியை விடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு பார்வை தெளிவாக இருந்தால் மருத்துவச் சோதனையில் தேறலாம். வயதும் அப்படித்தான். 17 முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள், உங்களுக்கு 41. சுயநலமா என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

'கையில் பணம் சேரும்போதெல்லாம் போவேன்.' இந்த வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. நானும் அப்படித்தான் போனேன். 1980களில், குழித்துறையில் விடிகாலை பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்கு. புஷ்பக் விமானம். துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். சீட்டு விழுந்த மாதம் நாலு நாள் பறப்பேன், அப்புறம் மூன்று மாதம் தரையில்தான்.

இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கிப்பிடித்து வேகத்தைச் சாகவிட வேண்டும். எந்த இடத்தில் தூக்குவது என்று புத்தகத்தில் படித்து வராது. ஓடுபாதை இரண்டு பக்கமும் விரிந்து எழும்புவது கடைக்கண்ணில் தெரியும், கை தானாக இழுக்கும். நாலாவது நாள் அந்தக் கை வந்துவிடும். மூன்று மாதம் கழித்துப் போனால் இருக்காது. முந்தித் தூக்கித் தொப்பென்று விழுவேன், இல்லையென்றால் பிந்தித் தட்டித் துள்ளுவேன். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் ஒரு சொல்லும் சொல்லாமல் எஞ்சினை முடுக்கி மறுபடி மேலே கொண்டுபோவார். கொடுத்த பணமெல்லாம் போன கையைத் திரும்பப் பிடிக்கவே கரைந்தது. உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம். நான் 31 பறந்தேன் தம்பி. ஒன்பது இன்னும் பாக்கி கிடக்கிறது.

மருந்துக்கடைக்காரர் நீங்கள். அஞ்சு நாள் மாத்திரையை வாரத்துக்கு ஒன்றாக விழுங்கிவிட்டு 'காய்ச்சல் விடலியே' என்று வந்து நிற்கிறவரை என்ன சொல்லித் திட்டுவீர்கள்? அதே திட்டு உங்களுக்கும். 22 மணி நேரத்துக்கு எத்தனை மாதம் எடுத்தீர்கள் என்று எழுதக்கூட இல்லையே! எழுத மனம் வரவில்லை, எனக்குத் தெரியும்.

தனியாக ஏறி இறங்கிய அன்றே ஆசை பாதி தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு நெடுந்தூரப் பறப்பும் எழுத்துத் தேர்வுகளும். நிறையப் பேர் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். அந்த நேரத்தில் இடைவெளியும் விழுந்தால் யாருக்குத்தான் கால் நகரும்?

முழுப் பணமும் சேரும்வரை விமானத்தின் பக்கம் போகாதீர்கள். சீட்டு போடுங்கள், ஆனால் எடுத்ததும் பிரிக்காதீர்கள். இரண்டு மழையும் ஓய்ந்த பிறகு, தை பிறந்ததும் தொடங்குங்கள். வாரம் மூன்று நாளாவது. காலையில் கடையை யாரிடமாவது விடுங்கள். மிச்ச 18 மணி நேரத்தோடு, கை திரும்பப் பிடிக்க இன்னொரு எட்டுப் பத்து மணி நேரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அந்த மொத்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். முதல் நாள் எந்த பஸ் என்று சொல்லுங்கள். வடசேரி ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன்.