பிசகிய காலை உருவி விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மூன்று வாரத்துக்கு முன் பள்ளியில் கபடி ஆடும்போது கணுக்கால் பிசகிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி உருவிவிட்டோம். மறுநாள் வீக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது நடக்கிறான். நாங்கள் செய்தது தவறா? மறுபடி கபடிக்கு அனுப்பலாமா?

பதில்: பிசகிய கால் மறுநாள் கொஞ்சம் கூடுதலாக வீங்குவது இயல்புதான். ஆனால் வெந்நீரும் உருவலும் அதைப் பெரிதாக்கியிருக்கும். பாதம் உள்பக்கம் மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்பக்க எலும்பைப் பாதத்தோடு பிணைக்கும் ஜவ்வு இழுபட்டுக் கிழிகிறது. கூடவே நுண்ணிய ரத்தக்குழாய்களும் அறுபடுகின்றன. சூடு பட்டால் குழாய்கள் விரிந்து கசிவு கூடும். அழுத்தி உருவினால், உறைந்து அடைபட்டிருந்த ரத்தமும் மறுபடி கசியத் தொடங்கும். பழைய முதுகுவலிக்கு ஒத்தடம் இதம்தான். புது அடிக்கு முதல் மூன்று நாள் வேண்டாம்.

அடிபட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். வெறும் தோலில் வைக்காதீர்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைத்தால் போதும். ஐஸ் வலியைக் குறைக்கும், ஜவ்வைச் சீக்கிரம் ஆற்றாது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தல் என்ற முறையை 1978-ல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார். அதனால் முதல் நாளைக்கு மேல் அதையே நம்பியிருக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். படுக்கும்போது கால் தலையணை மேல் இருக்கட்டும்.

கட்டிய பின் கால்விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். விட்டதும் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ உடனே தளர்த்துங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இறுக்கமான மூங்கில் பத்தைக் கட்டால் விரல்கள் கறுத்துப்போய் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வலி கூடிக்கொண்டே போனபோதும், "கட்டைப் பிரிக்கக் கூடாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

எக்ஸ்ரே எப்போது தேவை? நான்கு அடி நடக்க முடியவில்லை என்றாலும், கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலும் எடுத்துவிடுங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே தட்டுப்படும் எலும்புக்கும் இதே விதிதான். 13 வயதில் எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி), ஜவ்வைவிட வலுக்குறைவானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடிவது பிள்ளைகளுக்கு அங்கே விரிசலாகிவிடக்கூடும்.

வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் போதும்.

உங்கள் மகன் நடக்கிறான் என்பது நல்ல செய்தி. அந்த எலும்புகளை இன்றே அழுத்திப் பாருங்கள். வலித்தால் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலியில்லை என்றால், சுவரோரமாக, பிசகிய அந்த ஒற்றைக் காலில் தினமும் நிற்கப் பழகச் சொல்லுங்கள். அரை நிமிடம் தள்ளாடாமல் நின்று, அதே காலில் வலியின்றிக் குதிக்கவும் முடிகிறபோது கபடிக்கு அனுப்பலாம்.