சிறிய லேத் பட்டறையில் மேற்பரப்புக் குறைகளைப் பார்க்க எந்த நுண்ணோக்கி பொருத்தமானது?

கோணம் தொழிற்பேட்டையில் மீன்பிடிப் படகுகளுக்கான ஷாஃப்டுகளும் காற்றாலைகளுக்கான சிறு உதிரிபாகங்களும் கடைந்து கொடுப்பதாகவும், கீறல், வெடிப்பு என்று சொல்லி வாடிக்கையாளர் சில பாகங்களைத் திருப்பி அனுப்புவதாகவும், ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் யுஎஸ்பி நுண்ணோக்கி ஒன்றை வாங்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் பகுதியில் இதே வகைப் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஆயிரத்தை நம்பி வாங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது 7 முதல் 45 மடங்கு வரை மாற்றக்கூடிய, இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்றும், விரும்பிய பக்கம் வளைத்து வைக்கக்கூடிய எல்இடி விளக்கு ஒன்றும்தான். இரண்டில் விளக்கே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

யுஎஸ்பி கருவிகளின் விளம்பரத்தில் வரும் ஆயிரம் என்பது பெரும்பாலும் கணினித் திரையில் படத்தை விரித்துக் காட்டும் அளவு. எவ்வளவு நுண்ணிய விவரம் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ். லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைக் காட்டும், நியூமரிக்கல் அப்பர்ச்சர் என்று சொல்லப்படும் எண் 0.1 ஆக இருக்கும் லென்ஸ், பச்சை ஒளியில் ஏறத்தாழ 3.4 மைக்ரோமீட்டரைவிட நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. திரையை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மாறாது. சரி, உண்மையிலேயே உயர்ந்த பெருக்கம் தரும் மெட்டலர்ஜிக்கல் நுண்ணோக்கியை வாங்கலாமே என்றால், அதன் 40 மடங்கு லென்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியதுதான். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்டை அதன் அடியில் வைத்தால், பார்வையில் படும் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குள்ளேயே உருளையின் வளைவு ஒன்றரை மைக்ரோமீட்டர் இறங்கிவிடுவதால், நடுவில் ஒரு கோடு தெளிந்து இரு ஓரமும் மங்கிப்போகும். வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவிய மாதிரியில் உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்ப்பதற்கான கருவி அது.

ஸ்டீரியோவில் 7 மடங்கில் சுமார் 28.5 மில்லிமீட்டர் அகலமும், 45 மடங்கில் சுமார் 4.4 மில்லிமீட்டர் அகலமும் பார்வையில் கிடைக்கும் (கண்வில்லை காட்டும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் புல எண் 20 என்று வைத்துச் சொல்கிறேன்). லென்ஸுக்கும் பாகத்துக்கும் இடையே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் இடம் இருப்பதால், பாகத்தைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே பார்க்கலாம். அந்தத் திருப்புதலில்தான் பரிசோதனையே இருக்கிறது.

இந்தக் கருவிகளோடு வரும் வளைய விளக்கு எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவாக ஒளி வீசுவதால், நிழல் விழாமல், மெல்லிய கீறலும் பள்ளமும் மறைந்தே போகின்றன. பளபளக்கும் உருளையில் அது நெடுகிலும் ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் காட்டும். அதை அணைத்துவிட்டு, விளக்கை மேற்பரப்போடு 10 முதல் 20 பாகை வரை சாய்த்து ஒரு பக்கமிருந்து மட்டும் விடுங்கள். மாலை வெயில் சாயும்போது உழுத வயலின் சிறு கட்டியும் நீண்ட நிழல் போடுவது போல, அப்போது மேடு பள்ளங்கள் எழுந்து நிற்கும். கூச்சம் அதிகமாக இருந்தால் விளக்கின் முன் டிரேசிங் தாள் ஒன்றை ஒட்டினால் போதும்.

அடுத்து, பாகத்தை மெல்லச் சுழற்றுங்கள். ஒளி வரும் திசைக்கு இணையாக வரும்போது கீறல் மங்கி மறையும். குறுக்கே வரும்போது மின்னும். வெடிப்போ எந்தத் திசையிலும் கறுத்த கோடாகவே நிற்கும், பெரும்பாலும் நேராக ஓடாமல் வளைந்தும் கிளைத்தும் செல்லும். இருந்தாலும் வெடிப்பென்று சந்தேகம் வந்தால் கண்ணை மட்டும் நம்பாமல் வெடிப்புக்குள் சாயத் திரவத்தை ஊறவிட்டுப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனையும் செய்துவிடுங்கள். இன்னொன்று: பள்ளமா, மேலே ஒட்டிய துகளா என்பதில் மூளை எளிதில் ஏமாறும், ஏனெனில் ஒளி மேலிருந்துதான் வருகிறது என்று அது தானாகவே எண்ணிக்கொள்கிறது. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, நிழல் விளக்குக்கு அருகிலுள்ள ஓரத்தில் விழுந்தால் பள்ளம், எதிர்ப்பக்கம் விழுந்தால் மேடு என்று முடிவு செய்யுங்கள். 1665-இல் ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கிக் காட்சிகளை அச்சிட்டபோது முதலில் வைத்தவை ஊசியின் முனையும் சவரக்கத்தியின் விளிம்பும். மேட்டையும் பள்ளத்தையும், நிழலையும் கறையையும் பிரித்தறிவது கடினம் என்பதால் பல வெளிச்சங்களில் பார்த்த பிறகே வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மனிதர் செய்த பொருளின் குறையை நுண்ணோக்கியில் தேடிய அந்தத் தொடக்கக் காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உங்கள் ஷாஃப்டுகளில் நான் முதலில் பார்ப்பது, எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் அமரும் இடத்தை. அங்கே பொதுவாக ஆர்ஏ (சராசரிச் சொரசொரப்பு) 0.2 முதல் 0.8 மைக்ரோமீட்டர் வரை கேட்கப்படும். அதை அளப்பதற்கு ஊசிமுனைக் கருவி வேண்டும், நுண்ணோக்கி அளக்காது. ஆனால் அளவு சரியாக இருந்தும் எண்ணெய் கசிந்தால் காரணம் கடைசல் விட்டுச்சென்ற சுருள் தடமாக இருக்கலாம்: மரைபோல ஓடும் அந்த நுண்கோடு, ஷாஃப்ட் சுழலும்போது எண்ணெயைச் சீலுக்கு வெளியே தள்ளிவிடும். சாய்ந்த ஒளியில் 20 மடங்கு பெருக்கத்தில் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம், ஆனால் அவற்றின் சாய்வு மிகச் சிறிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கிரைண்டிங் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே செலுத்தி முடித்தால் இந்தக் குறை பெரும்பாலும் வராது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை கியர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல்லின் முகத்தில் வெறுங்கண்ணுக்குச் சாம்பல் பூத்தது போலத் தெரிவது மைக்ரோபிட்டிங், அதாவது மிக நுண்ணிய பள்ளங்களின் கூட்டம், ஆக இருக்கலாம். அந்தக் கியரைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவர முடியாது. இருகூறாகக் கலந்து உறையும் சிலிக்கோன் ரப்பரில், பல் மருத்துவர் அச்செடுப்பதைப் போலவே, பல்முகத்தின் பதிவை எடுத்துவந்து பார்க்கலாம். பதிவில் பள்ளம் மேடாக மாறியிருக்கும் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பாகத்தைக் கழுவாமல் பார்க்கவே வேண்டாம். டர்பென்டைனில் கழுவி, பிறகு அசிட்டோனில் துடைத்து, உலர்ந்த பின் பாருங்கள். கடற்காற்றில் வெறுங்கைத் தடம் பட்ட இடம் விரைவில் துருவாகிப் பள்ளம்போலவே காட்சி தரும் என்பதால் கையுறை அவசியம். ஏற்கத்தக்கது, தள்ளத்தக்கது என்று வாடிக்கையாளரே ஒப்புக்கொண்ட இரண்டு மாதிரிகளை எண்ணெய் பூசி மேசையிலேயே வைத்திருந்தால் பாதி வாக்குவாதம் தீரும். எத்தனை மடங்கில், எந்த ஒளியில் பார்ப்பது என்பதையும் அவரோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். 45 மடங்கில் தேடினால் எந்த உலோகமும் குறையோடுதான் இருக்கும்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு. ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. உறையால் மூடி வைப்பது மட்டும் போதாது. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய அலமாரி, அதனுள் ஈரப்பதம் காட்டும் சிறு மானி, 40 முதல் 50 சதவீதத்துக்குள் அளவு: இவற்றுக்கான செலவையும் நுண்ணோக்கியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.